சேலத்திலிருந்து நானோ, குவாண்டம் முதுகலைக்குப் போவது எப்படி

பி.எஸ்சி. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி கடைசி வருடத்தில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள், இ.சி.இ. படிப்பவர்களும் சேர்த்துத்தான், இப்போது அதிகம் கேட்கும் கேள்வி இது: "பேசாமல் எம்.எஸ்சி. பிசிக்ஸே எடுக்கலாமா, இல்லை நானோ, குவாண்டம் என்று புதிதாக வந்திருக்கிறதே, அதில் போகலாமா?" என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோர்ஸின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். அந்த லேபில் எந்தக் கருவியை நீங்களே தொட்டு இயக்க விடுவார்கள், லீனியர் அல்ஜீப்ரா உங்களுக்கு எவ்வளவு வரும், இந்த இரண்டையும் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில், நானோவையும் குவாண்டத்தையும் ஏன் ஒரே படிப்பில் சேர்த்து வைக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். நானோ என்றால் பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை. அந்த அளவுக்கு இறங்கியதும் பொருளின் குணமே மாறிவிடுகிறது. தங்கத்தைப் பத்து இருபது நானோமீட்டர் துகளாகத் தண்ணீரில் மிதக்கவிட்டால் சிவப்பாகத் தெரியும், ஏனென்றால் அந்தத் துகள்கள் 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை இழுத்துக்கொள்கின்றன. கேட்மியம் செலினைடு துகளின் அளவை மட்டும் மாற்றினால் போதும், அது உமிழும் நிறம் நீலத்திலிருந்து சிவப்பு வரை போகும். இந்தக் குவாண்டம் டாட்டுகளுக்காகத்தான் 2023-ல் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

இப்போது குவாண்டம் கணினி பக்கம் வாருங்கள். குவாண்டம் கணினியில் தகவலைத் தாங்கும் சின்ன அலகுக்குப் பெயர் க்யூபிட். மின்தடை இல்லாத உலோகத்தில் செய்கிற சூப்பர்கண்டக்டிங் க்யூபிட்டின் இதயம் ஜோசப்சன் ஜங்ஷன். இரண்டு அலுமினியப் படலங்கள், நடுவில் ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனில் அலுமினியம் ஆக்சைடு, அவ்வளவுதான். அதைச் செய்ய எலக்ட்ரான் பீம் லித்தோகிராஃபி (எலக்ட்ரான் கற்றையால் நுண்ணிய வடிவம் வரைவது) வேண்டும், தூசி இல்லாத க்ளீன் ரூம் வேண்டும், வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கிப் படிய வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். செய்து முடித்ததை டைல்யூஷன் ரெஃப்ரிஜரேட்டருக்குள் வைத்து 10, 20 மில்லிகெல்வினுக்குக் குளிர்வித்தால்தான் க்யூபிட் வேலை செய்யும். கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவரும் 1984, 1985-ல் இப்படிப்பட்ட ஜங்ஷன் சர்க்யூட்டில் செய்த சோதனைகளுக்குத்தான் 2025-ன் இயற்பியல் நோபல். செய்வது நானோ, செய்ததை ஓட்டுவது குவாண்டம். இரண்டும் தெரிந்த ஆளுக்குத்தான் இன்று லேபிலும் கம்பெனியிலும் தேவை இருக்கிறது, அதனால்தான் இந்தக் கூட்டுப் படிப்பு.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தமும் உண்டு. சேர்வராயன் மலை அடிவாரத்தில் தோண்டுகிற மேக்னசைட், அதாவது நம் வெள்ளைக்கல், மெக்னீசியம் கார்பனேட். அதைச் சுட்டால் மெக்னீசியம் ஆக்சைடு. உலைகளுக்கு உள்ளே அடுக்குகிற செங்கல்லுக்குத்தான் பெரும்பாலும் போகிறது. அதே மெக்னீசியம் ஆக்சைடை மிகச் சுத்தமாக, ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் தடிமனில், இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவில் வைத்தால் அது மேக்னெடிக் டன்னல் ஜங்ஷன். எம்ராம் என்கிற நினைவகச் சிப்பின் அடிப்படை அதுதான். எலக்ட்ரான் அந்தத் தடுப்பின் மேல் ஏறிக் குதிக்காமல் ஊடுருவிப் போகிறது. நீங்கள் மூன்றாம் வருடத்தில் குவாண்டம் மெக்கானிக்ஸ் பேப்பரில் போட்ட அதே டன்னலிங் கணக்கு.

சரி, எங்கே படிப்பது?

பாதைகள் பல. உள்ளூரிலேயே எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு அப்புறம் நானோ அல்லது குவாண்டத்துக்குத் திரும்புவது ஒன்று. கருப்பூர் பக்கம் பெரியார் பல்கலைக்கழகமே இருக்கிறது. வெளியூர் அனுப்ப வீட்டில் தயங்குகிறார்கள் என்றால், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு எல்லா வீட்டிலும் வரும், இதைக் குறைந்த வழி என்று நினைக்காதீர்கள். பிசிக்ஸ் எம்.எஸ்சி. கையில் இருந்தால் நெட் (கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தேர்வு), கேட் (எம்.டெக். சேருவதற்கான தேர்வு), பிஎச்.டி. எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கும். பல இடங்களில் எம்.டெக். நானோவுக்கே எம்.எஸ்சி. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரிக்காரர்களை எடுக்கிறார்கள்.

நேரடியாகப் போக வேண்டும் என்றால், கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தில் நானோ சயின்ஸுக்கென்றே தனித் துறை இருக்கிறது, நமக்கு மூன்று மணி நேரப் பயணம். அண்ணா பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலும் நானோ மையங்கள் உண்டு. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி. நமக்குச் சென்னையைவிடப் பக்கம். அங்கே குவாண்டம் டெக்னாலஜியில் எம்.டெக். நடத்துகிறார்கள், சென்ஸ் என்கிற நானோ மையமும் அங்கேதான். பி.எஸ்சி. முடித்த கையோடு ஐ.ஐ.எஸ்சி.க்குள் போக ஜாம் என்கிற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வின் ரேங்க் வைத்து இன்டக்ரேட்டட் பிஎச்.டி. என்று ஒரு வழி இருக்கிறது. நம் பக்கம் நிறையப் பேருக்கு இது தெரிவதே இல்லை. உதவித்தொகையோடு படிக்கலாம், நடுவில் எம்.எஸ்சி. என்று தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை.

காசு விஷயத்தை மறைக்காமல் பேசிவிடுவோம். எம்.எஸ்சி.க்குப் பொதுவாக மாதத் தொகை கிடையாது. கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் வரும். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிப் பிஎச்.டி. சேர்ந்தால் 37,000. குடும்பம் உங்கள் சம்பளத்துக்காகக் காத்திருக்கிறது என்றால் இந்த மூன்று எண்ணையும் வைத்துத்தான் வரிசையை முடிவு செய்ய வேண்டும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. பின்னால் அரசுக் கல்லூரியிலோ பள்ளியிலோ ஆசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால், நீங்கள் சேரப்போகிற எம்.எஸ்சி. நானோ பட்டத்தை எம்.எஸ்சி. பிசிக்ஸுக்கோ கெமிஸ்ட்ரிக்கோ இணையாக ஏற்று அரசாணை இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள், "இருக்கும் தம்பி, பார்த்துக்கலாம்" என்று வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அரசாணை எண்ணை வாங்குங்கள். படித்து முடித்தபின் டி.ஆர்.பி. சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டு நிற்பது மிகவும் கொடுமை.

ஜாம், கேட், க்யூட்

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி.க்கு ஜாம். பிப்ரவரியில் தேர்வு, ஆனால் விண்ணப்பம் முந்தைய செப்டம்பர் வாக்கிலேயே தொடங்கிவிடும். ஐந்தாம் செமஸ்டரில் கவனிக்காமல் விட்டவர்கள் ஏராளம். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். முதல் பகுதியில் 30 கேள்விக்குத் தவறினால் மூன்றில் ஒரு பங்கு கழியும். அடுத்த இரண்டு பகுதிகளில் கழிவு கிடையாது. ஆனால் ஒன்றுக்கு மேல் சரியான விடை இருக்கும் பகுதியில் எல்லாவற்றையும் சரியாகத் தொட்டால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடையாது. மூன்றாவது பகுதியில் எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும். கால்குலேட்டர் திரையிலேயே இருக்கும், மவுஸால் அழுத்த வேண்டும். கையில் கால்குலேட்டர் வைத்துப் பழகியவர்களுக்கு இது நேரத்தைத் தின்னும், அதனால் வீட்டிலேயே அந்தத் திரைக் கால்குலேட்டரில் பழகுங்கள்.

நம் கல்லூரித் தேர்வு எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு ஜாமில் உள்ள சிக்கல் பாடம் அல்ல. மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், தெர்மோ, மாடர்ன் பிசிக்ஸ், எல்லாம் நம் சிலபஸில் இருப்பதுதான். டெரிவேஷனை மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியே பழகிவிட்டோம், கணக்குப் போட்டுப் பழகவில்லை, அதுதான் சிக்கல். பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கோச்சிங் போவதா வேண்டாமா என்பதற்கு முன் அவற்றை எடுத்து உட்காருங்கள்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பி.ஜி., எம்.டெக்.குக்கு கேட். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் என்பதால் எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு

இதில்தான் அதிக நேரம் போட வேண்டும். குவாண்டம் என்றதும் ஷ்ரோடிங்கரின் பூனை, இணைப் பிரபஞ்சம் என்று வீடியோ பார்ப்பதில் ஆறு மாதம் ஓடிவிடும். வகுப்பில் முதல் வாரமே மேட்ரிக்ஸ்தான் வரும். ஐகன் மதிப்பு, ஹெர்மிஷியன் மேட்ரிக்ஸ், யூனிட்டரி, டென்சர் ப்ராடக்ட், சிக்கலெண்கள், இவ்வளவும் பென்சில் பேப்பரில் தடங்கல் இல்லாமல் வர வேண்டும். பி.எஸ்சி.யில் மேத்ஸை அலைடாக மட்டும் படித்துத் தப்பித்து வந்தவர்கள், கெமிஸ்ட்ரிக்காரர்கள் குறிப்பாக, இதற்கென்று ஒரு கோடை விடுமுறையை முழுசாகக் கொடுங்கள். என்.பி.டெல். என்கிற இணைய வகுப்புத் தளத்தில் லீனியர் அல்ஜீப்ராவுக்கும் குவாண்டம் மெக்கானிக்ஸுக்கும் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன, சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும்தான் தேர்வுக் கட்டணம். பார்த்துக்கொண்டே போகாமல் ஒவ்வொரு அசைன்மென்ட்டையும் போட்டுவிட்டு நகருங்கள்.

உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று சோதிக்க ஒரு கணக்கு. இரண்டு க்யூபிட், இரண்டும் பூஜ்ய நிலையில். முதல் க்யூபிட்டின் மேல் ஹாடமார்ட் என்கிற குவாண்டம் கேட்டை (க்யூபிட்டின் நிலையை மாற்றும் செயல், கேட் தேர்வு அல்ல) போடுங்கள், அப்புறம் இரண்டின் மேலும் சிநாட் கேட்டைப் போடுங்கள். நான்குக்கு நான்கு மேட்ரிக்ஸை நீங்களே எழுதி, நான்கு எண் கொண்ட வெக்டரைப் பெருக்கி வாருங்கள். கடைசியில் முதல் இடத்திலும் நான்காம் இடத்திலும் ரூட் இரண்டில் ஒன்று, நடுவில் இரண்டு பூஜ்யம் வர வேண்டும். இந்த நிலையை இரண்டு தனித்தனி க்யூபிட்களின் பெருக்கலாக உடைத்து எழுதிப் பாருங்கள், முடியாது. ஏன் முடியாது என்று நீங்களே இரண்டு வரியில் நிறுவிவிட்டால், 2022-ல் ஆஸ்பே, கிளாசர், சைலிங்கருக்கு நோபல் வாங்கித் தந்த என்டாங்கிள்மென்ட்டின் (இப்படிப் பிரித்து எழுத முடியாத பிணைப்பு) வாசலில் நிற்கிறீர்கள்.

அப்புறம் அதையே கணினியில் செய்யுங்கள். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும், ஐ.பி.எம்.மின் கிஸ்கிட் என்கிற குவாண்டம் மென்பொருள் இலவசம். சிமுலேட்டரில் ஓட்டினால் 00 பாதி, 11 பாதி என்று சுத்தமாக வரும். ஐ.பி.எம். தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் உண்மையான க்யூபிட்களிலும் ஓட்டலாம், மாதத்துக்குப் பத்து நிமிடம் தருகிறார்கள். அங்கே ஓட்டும்போது 01, 10 என்று கொஞ்சம் அழுக்கும் சேர்ந்து வரும். அந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது, குவாண்டம் கேட்டின் பிழையா, அளக்கும்போது வந்த பிழையா, க்யூபிட் தானாகக் கீழே விழுந்துவிட்டதா என்று தோண்ட ஆரம்பித்தீர்கள் என்றால் அதுதான் உங்கள் முதல் ப்ராஜெக்ட். ஒரு விஷயம்: யூடியூபில் இருக்கும் பழைய கிஸ்கிட் வகுப்புகளைப் பார்த்து அப்படியே அடித்தால் ஓடாது. 2024 பிப்ரவரியில் வந்த 1.0 பதிப்பில் பழைய எக்ஸிக்யூட் கட்டளையையே எடுத்துவிட்டார்கள். உங்கள் மேல் தப்பில்லை, புதிய ஆவணத்தைப் பாருங்கள்.

நானோ பக்கம் ஒரு கணக்கு

நானோ ப்ராஜெக்ட் செய்கிற எல்லோரும் எக்ஸ்.ஆர்.டி. (சாம்பிளின் மேல் எக்ஸ் கதிரை விட்டு எடுப்பது) வரைபடத்திலிருந்து துகள் அளவு கண்டுபிடிக்கிறார்கள், அதில் பாதிப் பேர் ஷெரர் சூத்திரத்தில் எண்ணைப் போடத் தெரியாமல் சொதப்புகிறார்கள். நம்ம மெக்னீசியம் ஆக்சைடையே எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய பீக் டூ தீட்டா 42.9 டிகிரியில் வரும். பாதி உயரத்தில் அதன் அகலம் 0.5 டிகிரி என்று வையுங்கள். எக்ஸ் கதிரின் அலைநீளம் 0.15406 நானோமீட்டர், அதை 0.9-ஆல் (சூத்திரத்தில் துகளின் வடிவத்துக்கான மாறிலி) பெருக்கினால் 0.1387. கீழே வருவது அகலமும் காஸ் தீட்டாவும். அகலத்தை ரேடியனாக்க வேண்டும், 0.00873. தீட்டா 42.9-ல் பாதி, 21.45 டிகிரி, அதன் காஸ் 0.9307. இரண்டையும் பெருக்கி வகுத்தால் சுமார் 17 நானோமீட்டர்.

ரேடியனாக்க மறந்து 0.5 என்றே போட்டால் விடை 0.3 நானோமீட்டர். மெக்னீசியம் ஆக்சைடின் யூனிட் செல்லே, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சின்னக் கட்டமே, 0.42 நானோமீட்டர்! ஒரு செல்லைவிடச் சின்னத் துகள் எப்படி இருக்கும்? இந்தக் கேள்வி உங்களுக்குத் தானாக எழ வேண்டும். இன்னும் இரண்டு: கருவியே கொஞ்சம் அகலத்தைக் கூட்டும், சிலிக்கான் மாதிரி ஒரு ஸ்டாண்டர்ட் வைத்து அதைக் கழிக்க வேண்டும். வருவது கிரிஸ்டலைட் (ஒரே சீரான படிகத் துண்டு) அளவு. ஒரு துகளுக்குள் பல கிரிஸ்டலைட் இருக்கலாம், துகளைப் பார்க்க டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் வேண்டும். நேர்முகத்தில் இந்த மூன்றையும் சொல்லுகிற மாணவர் கையில் என்ன பட்டம் இருந்தாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

லேபை எப்படிப் பார்ப்பது

கல்லூரியின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் கருவிப் பட்டியலை நம்பி முடிவெடுக்காதீர்கள். வேலை நாளில் நேரில் போங்கள். "எக்ஸ்.ஆர்.டி. இருக்கிறதா?" என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். "போன வாரம் யார் ஓட்டினார்கள், எம்.எஸ்சி. மாணவர் ஓட்டலாமா, ஒரு சாம்பிளுக்கு எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். பல இடங்களில் சாம்பிளைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்பிவிட்டு, மின்னஞ்சலில் வரும் வரைபடத்தை வைத்து தீசிஸ் எழுதுகிறார்கள். அப்படிப் படித்தால் கருவியின் கதவைக்கூடத் திறந்து பார்க்காமலே பட்டம் வாங்கிவிடுவீர்கள். சின்ன லேபாக இருந்தாலும் ஒரு ஸ்பின் கோட்டர் (சுழற்றி மெல்லிய படலம் பூசுவது), ஒரு டியூப் ஃபர்னஸ் (குழாய் உலை), ஒரு யு.வி. விசிபிள் (ஒளி உறிஞ்சலை அளப்பது), இந்த மூன்றையும் நீங்களே ஓட்ட விடுகிறார்கள் என்றால் அந்த இடம் மேல். இரண்டாம் வருட மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள், டீக்கடையில் உண்மை வரும்.

குவாண்டம் கோர்ஸ் என்றால் கேள்வி வேறு. ஆப்டிகல் டேபிள் இருக்கிறதா, சிங்கிள் போட்டான் டிடெக்டர் இருக்கிறதா, வைரத்தில் என்.வி. சென்டர் (நைட்ரஜன் அணுவும் பக்கத்தில் ஒரு காலி இடமும் சேர்ந்த குறை) வைத்து 2.87 கிகாஹெர்ட்ஸ் ரெசனன்ஸை மாணவர்கள் அளக்கிறார்களா? ஒன்றுமே இல்லாமல் வெறும் கணினி லேப் மட்டும் என்றால், அதை நல்ல பிசிக்ஸ் எம்.எஸ்சி.யோடு ஒப்பிட்டு யோசியுங்கள்.

கல்லூரியில் கருவி இல்லை என்றாலும் வழி இருக்கிறது. மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் நாடு முழுக்க எங்கே எந்தக் கருவி இருக்கிறது என்று தேடிப் பதிவு செய்யலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸின் சைஃப் என்கிற கருவி மையம் வெளியாட்களின் சாம்பிளையும் கட்டணத்துக்கு எடுக்கிறது. ஐ.ஐ.எஸ்சி., ஐ.ஐ.டி. பம்பாய் போன்ற இடங்களில் இன்அப் திட்டத்தில் வெளிக் கல்லூரிக்காரர்களுக்கு நானோ ஃபேப்ரிகேஷன் பயிற்சி தருகிறார்கள்; உங்கள் துறையில் இளம் ஆசிரியர் யாராவது இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள், அவர் விண்ணப்பித்தால் உங்களுக்கும் வழி பிறக்கும். அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு மாணவர்களே விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் ஒரு நல்ல லேபில் இருந்துவிட்டு வந்தால் உங்களுக்கு எந்தப் பக்கம் பிடிக்கிறது என்று சந்தேகமே இருக்காது.

நாட்டில் வேலை, ஆராய்ச்சி எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் ஒரு கண் வைத்திருங்கள். 2023 ஏப்ரலில் ஒப்புதல் ஆன தேசிய குவாண்டம் மிஷனுக்கு ஒதுக்கீடு 6,003.65 கோடி, 2030-31 வரை. நான்கு மையங்கள்: கணினிக்கு ஐ.ஐ.எஸ்சி., தகவல்தொடர்புக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸ், சென்சிங்குக்கு ஐ.ஐ.டி. பம்பாய், பொருள்களுக்கும் டிவைஸுக்கும் ஐ.ஐ.டி. டெல்லி. நான்கில் இரண்டு நமக்கு ராத்திரி வண்டி ஏறினால் காலையில் இறங்குகிற தூரத்தில் இருக்கின்றன.

வெளிநாடு

ஐரோப்பாவில் இந்தக் கூட்டுப் படிப்பு நன்றாக வளர்ந்திருக்கிறது. சூரிக் ஈ.டி.ஹெச்.சில் குவாண்டம் இன்ஜினியரிங், மியூனிக்கில் இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் குவாண்டம் சயின்ஸ், பெல்ஜியத்தின் லூவெனை மையமாக வைத்துப் பல நாடுகளில் நடக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் நானோ மாஸ்டர்ஸ். எராஸ்மஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, ஆனால் போட்டி கடுமை. "ஜெர்மனியில் ஃபீஸே இல்லை" என்று ஏஜென்ட் சொன்னால் எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-ன் குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களிடம் வாங்க ஆரம்பித்துவிட்டது. ஃபீஸ் இல்லாத இடத்திலும் விசாவுக்கு ஒரு வருடச் செலவை, 11,904 யூரோ, முடக்கிய கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். ஜெர்மனிக்காக நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கும் நேரம் பிடிக்கும். அப்புறம் மூன்று வருட பி.எஸ்சி.யைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை, அதை முதலில் பாருங்கள், இல்லையென்றால் விண்ணப்பக் கட்டணம் வீண்.

எஸ்.ஓ.பி.யை, அதாவது விண்ணப்பத்தோடு நீங்கள் எழுதும் நோக்க அறிக்கையை, யாரிடமும் காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். சின்ன வயதிலிருந்தே அறிவியல் ஆர்வம் என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். நீங்கள் செய்த ஒரு சோதனை, அதில் எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, ஏன் மாறி வந்தது என்று நினைக்கிறீர்கள், அடுத்து எந்தக் கருவி கிடைத்தால் அதைச் சரிபார்ப்பீர்கள், அந்தக் கருவி அந்த ஊரில் எந்தக் குழுவிடம் இருக்கிறது, இதை ஒரு பக்கத்தில் சொல்லுங்கள். சிபாரிசுக் கடிதமும் அப்படித்தான். துறைத்தலைவர் பெயர் பெரிதாக இருக்கிறது என்று அவரிடம் போவதைவிட, லேபில் உங்கள் பக்கத்தில் நின்று நீங்கள் வேலை செய்வதைப் பார்த்த ஆசிரியரிடம் வாங்குங்கள். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே கேளுங்கள், கேட்கும்போதே உங்கள் ப்ராஜெக்ட் அறிக்கை, மதிப்பெண் பட்டியல், எந்தெந்த இடத்துக்கு எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள், கடிதத்தைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் அவர்தான் நேராக ஏற்ற வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள், கல்லூரி மின்னஞ்சல் முகவரியைத்தான் பல இடங்களில் கேட்பார்கள்.